ஒரு நெல்மணிகூட முளைக்காத காணி

கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லி வைப்பது என் பிறவிக்குணம். எங்கள் அரிசி மில்லுக்கு அனுமதி கேட்டபோது அந்தக் குணம் என்னை நடு முற்றத்தில் வைத்துக் கவிழ்த்தது.

காணி கிளிநொச்சியில் இருந்து கொஞ்சத் தூரம். கொட்டகை போட்டு மெசினையும் இறக்கிய பிறகுதான் தெரிந்தது, பதிவேட்டில் அது ‘வயல்’ என்று கிடக்கிறது. வயலில் மில் நடத்த விடமாட்டார்கள். (பதிவேட்டைப் பார்த்துவிட்டுக் கொட்டகை போடுவது மற்ற ஆட்களின் வழக்கம்.) அது நெல் விளையாத மேட்டுக்காணி என்று நிரூபிக்கும்வரை என் மனைவி சுமதி வவுனியாவில் தையல் வேலையை விட ஏலாது. கிழமைக்கு ஒரு நாள்தான் வீடு. நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக இருந்து சோறு தின்ன அந்த ஒரு கடுதாசி கிடைக்காததுதான் தடை.

காணிக் கந்தோர் அதிகாரிகளுக்கு நானே கடிதம் எழுதினேன். கடைசி வரி யாரும் கேட்காதது: “மீள்குடியேறிய நாள் முதல் இக்காணியில் ஒரு நெல்மணிகூட முளைத்ததில்லை.” நாலு தரம் வாசித்து மகிழ்ந்தேன்.

பிறகு மெசினைச் சோதிக்க லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் நாலு மூட்டை நெல் ஏற்றிவந்தேன். ஒரு சாக்கு பொத்தல். வாசல் படலையில் இருந்து கொட்டகைவரை நெல் ஒழுகிக்கொண்டே வந்தது.

“கூட்டி அள்ளுங்கோ,” என்றாள் சுமதி.

“கோழி பொறுக்கும், விடப்பா.”

அவள் வவுனியா போனாள். நான் காணிப் பக்கமே போகாமல் கந்தோர் கந்தோராய் அலைந்தேன். பத்து நாள் மழை தன் கடமையைச் செய்தது.

காணி பார்க்க ஒரு இளம் பெண் அதிகாரி வந்தா. லீவு போட்டு வந்திருந்த சுமதியும் கூட நிற்க, பெருமையாகப் படலையைத் திறந்தேன். கொட்டகைவரை ஒரு சாண் உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று நெல்.

யாரும் வாய் திறக்க முதல் சொன்னேன்: “அது புல்லு, மிஸ்.”

அவா குந்தி இருந்து ஒன்றைப் பிடுங்கினா. வேரில் உமி ஒட்டியிருந்தது. “அண்ணை, புல்லுக்கு உமி இருக்குமோ?”

“இது வேறை சாதிப் புல்லு, மிஸ்.” (மில் போடப்போகிறவன் சொல்லும் பேச்சு!)

அவா கோப்பைத் திறந்து என் கடைசி வரியை ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாக வாசித்தா. எனக்குக் காது சுட்டது. சுமதியை வவுனியாவிலேயே இருத்திவிட்டேனே என்று அவளைப் பார்த்தேன்.

சுமதி முன்னுக்கு வந்தாள். “மிஸ், இவர் பொத்தல் சாக்கிலை நெல்லு ஏத்தினவர். கூட்டச் சொன்னனான், கூட்டேல்லை. புல்லெண்டது வெக்கத்திலை.”

அதிகாரி அந்தப் பச்சைக் கோட்டின் வழியே நடந்தா. லாண்ட்மாஸ்டர் பள்ளத்தைச் சுற்றிய இடத்தில் நெல்லும் சுற்றியிருந்தது.

“நானும் வயல் செய்யிற கமக்காரன்ர பிள்ளைதான். இப்பிடி வளைஞ்சு வளைஞ்சு ஒருத்தரும் விதைக்கமாட்டினம்.”

கொட்டகையில் கிடந்த மண்வெட்டியை எடுத்துத் தந்து மூன்று இடத்தில் வெட்டச் சொன்னா. மூன்றிலும் கிரவல் கல்லுத்தான்.

“இதிலை ஆர் வயல் செய்யிறது?” என்றபடி கோப்பில் எழுதிக்கொண்டா. “அண்ணை, அந்தக் கடைசி வரியை மட்டும் வெட்டிவிடுங்கோ.”

சில கிழமையில் அனுமதி வந்தது, உமித்தூசு அயலுக்குப் போகாமல் மதில் கட்டவேண்டும் என்ற நிபந்தனையோடு. மதில் எழும்ப முதலே சுமதி பெட்டியோடு வந்து இறங்கினாள்.

இப்போது அந்த அதிகாரியும் எங்களிடம்தான் அரிசி வாங்குகிறா. “அஞ்சு கிலோ புல்லு தாங்கோ, அண்ணை,” என்றுதான் கேட்பா. ஊரும் அப்படியே பழகிவிட்டது.

மத்தியானம் சுமதி அகப்பையோடு நிற்பாள். “இன்னும் கொஞ்சம் புல்லு போடவோ?”

மாடு மாதிரித் தலையாட்டுவேன். அவள் வவுனியாவில் இருந்தபோது இப்படிக் கேட்டுப் போட எனக்கு ஆளில்லை.