எந்த நைஸு?

காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவை விற்றவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையை வைத்துக்கொண்டு உலகத்தில் உள்ள அத்தனை நாட்டுக்காரர்களுக்கும் விற்றவர் நைஸண்ணன் ஒருவர்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. கல்யாணப் பத்திரிகையில் அதைப் பார்த்தேன்; மறுநாளே மறந்துபோனேன்.

எழுபதுகளின் ஆரம்பம். காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் நான் பில் எழுதிக்கொண்டிருந்தேன். நைஸண்ணன் புடவை விரித்துக் காட்டுகிறவர். என்னைவிடக் கொஞ்சம் பெரியவர். கோயில் பார்க்க வரும் வெள்ளைக்காரர்கள் அப்படியே கடைக்கும் வருவார்கள். முந்தானையை ஒரு வீசு வீசி விரித்து, "நைஸ்!" என்பார். அது 'அருமையான புடவை' என்று அர்த்தம். "நைஸ்?" என்று இழுத்தால் 'பிடித்திருக்கிறதா?' "நைஸ் நைஸ்" என்று தலையாட்டினால் 'உட்காருங்கள், குடிக்கக் கலர் சோடா வருகிறது'. கண்ணை மூடிக்கொண்டு "நைஸ்ஸ்ஸ்" என்றால், 'இதற்குமேல் விலை குறைக்க முடியாது தாயே, விட்டுவிடு.'

ஒரு நாள் ஒரு வெள்ளைக்கார அம்மாள் கைப்பையிலிருந்து நாய்க்குட்டி போட்டோவை எடுத்துக் காட்டினாள். "நைஸ்!" என்றார் அண்ணன். அவள் ஏதோ சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அண்ணன் உடனே நெஞ்சில் கை வைத்து, சாவு வீட்டுக் குரலில், "நை...ஸ்..." என்றார். அந்த அம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். அவளைக் கூட்டிவந்த டிரைவர்தான் எங்களிடம் விஷயத்தைச் சொன்னார்: நாய் செத்துப்போயிருந்தது.

"செத்த நாய்க்குப் போய் நைஸுன்னு சொல்லிட்டீங்களேண்ணே!" என்றேன்.

"வார்த்தையில இன்னாப்பா இருக்குது? கொரல்ல துக்கம் இருந்துச்சா இல்லியா?"

இருந்தது. அதை நான் மறுக்க முடியாது.

இப்படிச் சுகமாக ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு முதலாளியின் மகன் மெட்ராஸில் பி.ஏ. முடித்துவிட்டு வந்து பிரேக் போட்டான். "ஒரே வார்த்தையைச் சொல்லிக்கினு இருந்தா கஸ்டமர் இன்னா நெனைப்பாங்க? அதே அர்த்தத்துல எத்தினி வார்த்தை இருக்குது! ஃபைன், ப்ரெட்டி, லவ்லி, கிராண்ட்..." என்று அடுக்கினான். அண்ணன் அசரவில்லை. "அவ்ளோதானா? ஆகட்டும்" என்று அன்று மத்தியானமே எல்லாவற்றையும் கடையில் இறக்கிவிட்டார்.

முதலில் மாட்டியவர்கள் மாகறலிலிருந்து கல்யாணப் புடவை எடுக்க வந்த புருஷனும் பெண்டாட்டியும். அரக்குக் கலரை விரித்து, அண்ணன் கணீரென்று, "ஃபைன்மா!" என்றார்.

அந்த அம்மாள் வெடுக்கென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "எதுக்குப்பா ஃபைனு? பாத்துக்கினுதானே இருந்தோம்? கைகூட வெக்கலியே!"

சைக்கிளில் விளக்கில்லாமல் போய் அந்த வாரம்தான் போலீசுக்கு ஃபைன் கட்டியிருந்த புருஷன், "எழுந்து வாடி, இந்த ஊர்ல எல்லாத்துக்கும் ஃபைனு" என்று அவளை இழுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

அடுத்து ஒரு வெள்ளைக்காரர். விலைச் சீட்டைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கி, "ப்ரெட்டி எக்ஸ்பென்சிவ்" என்றார். விலை ரொம்ப ஜாஸ்தி என்கிறார். ஆனால் அண்ணனுக்கு ப்ரெட்டி என்றால் அழகு. "வெலையே அழகா இருக்குதாம் மொதலாளி!" என்று கத்திவிட்டு, புடவையை மடித்துப் பெட்டியில் வைத்துக் கட்டவே ஆரம்பித்துவிட்டார். அவர் முடிச்சுப் போட்டுத் தலை நிமிர்ந்தபோது வெள்ளைக்காரரின் கார் தெருமுனை திரும்பிவிட்டது.

முதலாளி, தன் மகனைக் கூப்பிட்டுக் கல்லாவில் உட்கார வைத்தார். அண்ணனைக் கூப்பிட்டு, "நீ பழைய வார்த்தைக்கே போயிடுப்பா" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் ஐயம்பேட்டையில் அவருக்குப் பெண் அமைந்தது. அதாவது, பார்க்க வரச் சொன்னார்கள். அண்ணனுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. பல இடத்தில் தட்டிப்போயிருந்தது. துணைக்கு அவர் அக்காவும் நானும் போனோம். பெண் ஹைஸ்கூலில் இங்கிலீஷ் டீச்சர் என்று பஸ்ஸில்தான் அக்கா வாயைத் திறந்தார்.

நான் பயந்துபோனேன். அண்ணன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, "அப்ப நாம பேசினா அவங்களுக்குப் புரியும்" என்றார்.

பஜ்ஜி வந்தது. காபி வந்தது. பெண்ணும் வந்து நின்றாள். அவள் அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பொண்ணைப் பாத்துட்டீங்க. இன்னா சொல்றீங்க?" என்றார்.

"நைஸ்" என்றார் அண்ணன்.

பெண் நிமிர்ந்தாள்.

"எந்த நைஸு? மாவு நைஸா அரைக்கிறாங்களே, அதுவா? நைஸா பேசி ஏமாத்துறாங்களே, அதுவா? இல்ல, நைஸா நழுவிப் போறாங்களே, அதுவா?" என்று கேட்டாள். "இதுக்கு முன்னாடி வந்தவங்களும் நல்லாத்தான் பேசினாங்க. வீட்டுக்குப் போயி சொல்லி அனுப்பறோம்னாங்க. ஒருத்தரும் சொல்லி அனுப்பல."

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் காபித் தட்டை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டாள். அதை நான் பார்த்தேன், அண்ணனும் பார்த்தார்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பஜ்ஜியைப் பார்த்தேன். ஃபைன், லவ்லி, கிராண்ட் என்று எதையாவது எடுத்து விடப்போகிறார் என்று நினைத்தேன். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"எனக்கு உங்களைப் புடிச்சிருக்குதுங்க. வீட்டுக்குப் போயி சொல்லி அனுப்பறதுக்கு ஒண்ணுமில்ல. இப்பவே சொல்லிட்டேன். உங்களுக்குப் புடிக்குதான்னு நீங்க யோசிச்சுச் சொல்லுங்க. எத்தினி நாளானாலும் சரி."

அண்ணன் வாயிலிருந்து அவ்வளவு நீளமான பேச்சை நான் அதற்குமுன் கேட்டதில்லை. அந்தப் பெண் தட்டைக் கீழே வைத்தாள். பிறகு, "அப்பா, அவருக்கு இன்னும் ரெண்டு பஜ்ஜி வெய்யுங்க" என்றாள்.

அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. பஜ்ஜி எடுத்துவர உள்ளே போன மனுஷன், கண்ணைத் துடைத்துக்கொண்டு வெறும் கையோடு திரும்பி வந்தார்.

அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம். அதற்குப் பிறகு லீவு நாட்களில் அண்ணி கடைக்கு வருவார். புடவை பார்ப்பதுபோல் ஓரமாக உட்கார்ந்து, புருஷன் வெள்ளைக்காரர்களோடு பேசுவதைக் கேட்பார். ஒரு நாளும் திருத்தியதில்லை. கேட்டால், "அவரு பேசறதுல எனக்கு ஒரு தப்பும் தெரியலியே" என்பார், இங்கிலீஷ் டீச்சர்!

நான் மெட்ராஸுக்கு வந்து, மூன்று ஆபீஸ் மாறி, ரிட்டையரும் ஆகிவிட்டேன். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது இன்றைக்கு என்ன வேடிக்கையோ என்று மனசு முந்திக்கொண்டு ஓடியது மட்டும், நைஸண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வருஷங்களோடு சரி.