கண்ணாடி அறையும் ஒற்றைக் குமிழும்

"நிறுத்துங்கன்னா நிறுத்துங்களேன்! உள்ள என் யூனிஃபார்ம் இருக்கு. ரெண்டு மணிக்கு டூட்டி!"

நர்ஸ் வேலை பார்க்கும் மனைவி இப்படிக் கத்தியபோது, ஸ்டோர்கீப்பர் புது வாஷிங் மெஷினின் முன்னால் மண்டி போட்டிருந்தார். நிறுத்தத்தான் அவரும் பார்த்தார். எங்கே பிடித்து நிறுத்துவது? எழுத்து இல்லை, பொத்தான் இல்லை. நட்டநடுவில் வழவழவென்று ஒரே ஒரு குமிழ், நீல வெளிச்சத்தோடு அவரையே முறைத்தது.

திருகினார். வெளிச்சம் சிவப்பானது. மெஷின் இன்னும் வேகமாகச் சுற்றியது.

"இந்தச் சனியனை யாருங்க வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. வம்பே அங்கேதான். அவர் கம்பெனி செய்வது வீட்டுச் சாமான்கள். புதிதாக எதைச் செய்தாலும் அவரைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு, "ஓட்டிக் காட்டுங்க சார்" என்பார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாலைந்து பேர் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். நம் ஆளுக்கோ மெஷினைக் கண்டாலே கையும் ஓடாது, காலும் ஓடாது. போன தடவை மிக்ஸியை மூடாமலே முடுக்கிவிட்டு, கூரை, கண்ணாடி, சட்டை என்று ஓரிடம் பாக்கி வைக்கவில்லை. அதற்கும் யாரும் திட்டவில்லை. நன்றி சொல்லித்தான் அனுப்பினார்கள். அந்த நன்றிதான் அவரைத் தூங்கவிடவில்லை.

இப்போது ஆட்குறைப்பு வேறு. பேக்கிங்கில் பாதிப் பேர் வீட்டுக்குப் போயாகிவிட்டது. இந்த நேரம் பார்த்து, திங்கட்கிழமை கண்ணாடி அறைக்கு வரச் சொல்லி ஃபோன். வேலை போனால் மகளின் காலேஜ் என்னாவது? இந்தத் தடவை மானம் போகக் கூடாது என்று, அன்று ஓட்டிக் காட்டவேண்டிய புது சாம்பிள் மெஷினைத் தன் ஸ்டோரிலிருந்தே ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வீட்டுக்குக் கடத்திவிட்டார். பழகிப் பார்க்கத்தான்.

"ப்ளக்கைப் புடுங்குங்கப்பா!" மொபைலிலிருந்து தலையைத் தூக்காமலே மகள் யோசனை சொன்னாள்.

பிடுங்கினார். நின்றது. கதவு மட்டும் திறப்பேனா என்றது. திரும்பச் செருகினார். மெஷின் உற்சாகமாக ஒரு பாட்டைப் பாடிவிட்டு முதலிலிருந்து துவைக்க ஆரம்பித்தது.

"அமுக்கிப் புடிங்கப்பா."

பிடித்தார். உள்ளே ஆவி பறந்தது. யூனிஃபார்மோடு தன் சிவப்புத் துண்டையும் போட்டிருந்தது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

"ரெண்டு தட்டு தட்டிப் பாருங்க."

தட்டினார். தண்ணீர் மொத்தமும் வெளியே வந்தது. கழிவுக் குழாயை பாத்ரூமுக்குள் விட மறந்திருந்தார். ஹால் குளமாகிவிட்டது.

ஒருவழியாகக் கதவு திறந்தபோது, வெள்ளை யூனிஃபார்ம் ரோஸ் கலரில் வந்தது. மனைவியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"இதைப் போட்டுக்கிட்டு வார்டுல எப்படிப் போய் நிப்பேன்?"

"குழந்தைங்க வார்டுதானேம்மா... அதுங்களுக்குப் புடிக்கும்."

அவள் ரோஸ் யூனிஃபார்மை அவர் மேலேயே எறிந்தாள். பக்கத்துத் தெருத் தோழியிடம் யூனிஃபார்ம் இரவல் வாங்க ஓடினாள்.

அவர் விடவில்லை. தலையணை உறை, ஜன்னல் திரை, கால்மிதி என்று கண்ணில் பட்டதையெல்லாம் துவைத்தார். மகள் சொல்லச் சொல்ல உருப்போட்டார். இடது பக்கம் திருகு, அமுக்கு, வலது பக்கம் திருகு, விடாமல் பிடி. பொழுது சாய்வதற்குள் குமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடாகிவிட்டது.

திங்கட்கிழமை. கண்ணாடி அறை.

"ஓட்டிக் காட்டுங்க சார்" என்றாள் டிசைன் பிரிவுப் பெண்.

துணியைப் போட்டார். திருகினார், அமுக்கினார், திருகினார், பிடித்தார். மெஷின் பெட்டிப் பாம்பாக அடங்கி, சொன்னபடி கேட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரே கைதட்டல். முதலாளியே ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார்.

"நான் அப்பவே சொன்னேன்ல, ஒத்தக் குமிழ் போதும்னு! இன்னைக்கே உற்பத்தியை ஆரம்பிங்க!"

எல்லாரும் முதலாளி பின்னாலேயே போய்விட்டார்கள். ஸ்டோர்கீப்பருக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்பாடா, வேலை தப்பித்தது. மிஞ்சி நின்றது டிசைன் பெண் மட்டும். அவள் மட்டும் கை தட்டியிருக்கவில்லை.

"இந்தக் குமிழ் வேண்டாம், யாருக்கும் புரியாதுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன் சார். உங்களுக்கு எப்படி சார் புரிஞ்சுது?"

ஸ்டோர்கீப்பர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, பெருமை தாங்காமல் அவள் காதருகே குனிந்தார். "யார்கிட்டயும் சொல்லிடாதேம்மா. நேத்து வீட்ல நாள் பூரா பழகினேன்."

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ சார், சோதனை உங்களுக்கில்ல, மெஷினுக்கு! உங்களுக்கே புரிஞ்சா ஊருக்கே புரியும், அதனால ஆட்குறைப்புல உங்களை மட்டும் தொடவே கூடாதுன்னு முதலாளி சொல்லி வெச்சிருந்தாரு... இப்படிக் கத்துக்கிட்டு வந்து நிக்கிறீங்களே!"