மடிக்கீரையைக் கண்டுபிடித்தவன்

"ஏலே பங்கிராசு, நேத்து களிக்குத் தொட்டுக்கிட்டு வழிச்சு வழிச்சுத் தின்னியே, அது என்ன கீரை? சொல்லு பாப்போம்."

இப்படிக் கேட்டது என் தாய் ஆரோக்கியம்மாள். எனக்குப் பதினெட்டு வயது. மிஷன் பள்ளிக்கூடத்தில் பரீட்சை தேறியவன். இங்கிலாந்து தேசத்து நதிகளை வரிசையாக ஒப்பிப்பேன். ஆனால் என் தட்டில் கிடந்தது என்னவென்று தெரியாது. இதில் விசேஷம் என்னவென்றால், அவள் கேட்பதற்கு முந்தின அரைமணி நேரமும், எங்கள் ராயப்பன்பட்டியில் கீரையின் அருமை ஒருவருக்கும் தெரியவில்லையே என்று நான் அவளிடம்தான் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.

வாசகரே, பூமியில் மனித இனங்கள் பல. அவற்றில் ஒன்றை உங்களுக்கு அறிமுகம் செய்கிறேன். பெயர், கீரை கண்டுபிடிப்பவர். தேனியிலிருந்து கூடலூர் மலையடி வரைக்கும் ஊருக்கு ஒருவராவது இருப்பார். அவரோடு சேர்ந்து கோம்பைக்கு நடந்தால் காலையில் போய்ச் சேர வேண்டிய நீங்கள் மத்தியானம் போய்ச் சேருவீர்கள். வேலியைக் கண்டால் நிற்பார், குனிவார், ஓர் இலையைக் கிள்ளுவார், உள்ளங்கையில் வைத்துக் கசக்குவார், மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடுவார், நீங்கள் காத்திருக்கிறீர்களா அல்லது நடந்துவிட்டீர்களா என்று ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துக்கொள்வார், பிறகு பெருமூச்சோடு, "இது லேசுப்பட்ட தழை இல்லை" என்று தொடங்குவார். எதற்கு நல்லது என்று கேட்டுவிட்டீர்களா? கண்ணுக்கு. முடக்கத்தான் கண்ணுக்கு. பிரண்டை கண்ணுக்கு. சாரணைக்கீரையும் கண்ணுக்குத்தான். இத்தனையும் தெரிந்தவருடைய மூக்கின்மேல் கண்ணாடி எதற்கு என்று மட்டும் கேட்காதீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கிள்ளிய இலையை அவர் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. கீரையை மண் போக அலசியதில்லை; பூச்சி பார்த்து ஆய்ந்ததில்லை; அடுப்புப் புகையில் ஊதுகுழலோடு உட்கார்ந்ததுமில்லை. கண்டுபிடித்ததோடு அவர் வேலை முடிந்தது.

இவ்வளவு நுணுக்கமாக எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? கண்ணாடியைத் தவிர மற்றதெல்லாம் நான்தான்.

பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பிள்ளைக்கு வீட்டில் செய்வதற்கு வேலை இல்லை. செய்யக்கூடிய வேலை எல்லாம் படித்தவன் செய்யக்கூடியதாக இல்லை. இந்த நிலையில் உத்தமபாளையம் சந்தையில் சுண்டல் விற்கிறவனிடம் ஒரு மூலிகைப் புத்தகம் கண்டெடுத்தேன். முன் அட்டையும் முதல் பதினாறு பக்கமும் ஏற்கெனவே சுண்டலோடு போயிருந்தன. ஆகவே என் ஞானம் பதினேழாம் பக்கத்தில் தொடங்குகிறது. அதில் படம் கிடையாது. படம் இல்லாத புத்தகத்தில் ஒரு சௌகரியம் உண்டு. கையில் அகப்பட்ட எந்தத் தழையையும் எந்தப் பக்கத்தோடும் பொருத்திக்கொள்ளலாம்.

மறுநாளே நிலத்துக்காரர் அமிர்தராஜ் ஐயாவின் கேப்பைக் காட்டுக்குப் போனேன். அங்கே என் தாயும் மொக்கம்மாளும் பஞ்சம்மாளும் இன்னும் நாலைந்து பெண்களும் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் வரப்பின்மேல் ஏறி நின்று, புத்தகத்தைப் பிரித்து, தொய்யக்கீரையைப் பற்றி உரக்க வாசித்தேன்.

"வாங்க கீரை வாத்தியாரே," என்றாள் பஞ்சம்மாள். "வாசிக்கிறதத் தள்ளி நின்னு வாசிங்க. உங்க காலுக்கடியில நசுங்குறது தொய்யக்கீரைதான்."

எல்லோரும் சிரித்தார்கள். மற்றவர்களைவிட என் தாய் அதிகமாகச் சிரித்தாள். நம் இனத்தாருக்குச் சிரிப்பு ஒரு தடை அல்ல. அறியாத ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

அவர்கள் செய்வதை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும். பிடுங்குகிற களையில் தொய்யக்கீரையும் பண்ணைக்கீரையும் வந்தால் கை தானாக அதைப் பிரித்து மடியில் போடும். மிச்சம் வரப்புக்குப் போகும். சாயங்காலம் கூலியோடு அந்த மடியும் வீட்டுக்குப் போகும். இதை யாரும் கேட்டு வாங்கவில்லை, யாரும் கொடுக்கவுமில்லை. நிலத்துக்காரருக்கு அது களை. அவர்களுக்கு அது கறி. அவ்வளவுதான் ஏற்பாடு. போன வருஷமும் மழை ஏமாற்றி, சோளம் விலை ஏறி, வீட்டுக்கு வீடு களி உருண்டை சிறுத்துப்போயிருந்த சமயம் அது.

அப்போது குடையோடு அமிர்தராஜ் ஐயா வந்தார். மலைமேல் அணை கட்டுகிற இடத்தில் ஒரு காண்டிராக்டர் அவருக்குத் தெரிந்தவர். அங்கே கணக்கு எழுதுகிற ரைட்டர் வேலைக்கு எனக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தார். என் அறிவைக் காட்ட இதைவிட நல்ல நேரம் வருமா?

"என்னப்பா, காட்டுல பிரசங்கம் நடக்குது?"

"ஐயா, உங்கள் நிலத்தில் என்ன கிடக்கிறது என்று உங்களுக்கே தெரியாது," என்று ஆரம்பித்தேன். தொய்யக்கீரை ரத்தத்துக்கு, பண்ணைக்கீரை பலத்துக்கு, இரண்டும் கண்ணுக்கு. அவர் கொட்டாவி விட்டார். கடிதம் கையை விட்டுப் போகிறதே என்று தோன்றியது. உடனே, "மாட்டுக்குப் போட்டால் பால் கூடும்" என்றேன்.

புத்தகத்தில் அப்படி ஒரு வரி இல்லை. நம் இனத்தார் எதைச் சொன்னாலும் கடைசியில் சொந்தமாக ஒன்று சேர்ப்போம்.

அவர் கொட்டாவி நின்றது. பெண்களின் மடிகளை வரிசையாகப் பார்த்தார்.

"அப்ப இம்புட்டு நாளா என் மாட்டுப் பாலத்தான் மடியில கட்டிக்கிட்டுப் போறாகளா?"

மறுநாள் வரப்பில் ஒரு பெரிய கூடை இருந்தது. கீரை எல்லாம் கூடைக்கு, கூடை மாட்டுத்தொழுவுக்கு. சாயங்காலம் மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் கூலி வாங்க வேண்டும்.

அன்றைக்கு என் தட்டில் களி இருந்தது. பக்கத்தில் உப்பும் ஒரு மிளகாயும் இருந்தன.

"அம்மா, கீரை?"

"மாடு தின்னுருச்சு," என்றாள் என் தாய். "பால் கூடும்னு படிச்சவக சொன்னாகளாம்."

இருந்தும் என்ன நினைத்தேன் தெரியுமா? ஒரு நிலத்துக்காரர் என் பேச்சைக் கேட்டு நடக்கிறாரே என்று மனத்துக்குள் கொஞ்சம் பெருமைப்பட்டேன். மிளகாயைக் கடித்துக்கொண்டே பெருமைப்பட்டேன்.

நாலாம் நாள் காலையில் மொக்கம்மாள் எங்கள் வாசலுக்கு வந்தாள். புருஷன் இல்லாதவள், மூன்று சின்னப் பிள்ளைகள். கடைசிப் பிள்ளை இடுப்பில் இருந்தது.

"தம்பி, இவன் வெறுங்களிய முழுங்க மாட்டேங்குறான். வாயில வச்சா துப்புறான். மூணு நாளாச்சு. கீரையக் கடைஞ்சு அதுல கரைச்சு ஊத்தித்தான் இவன வளக்கேன். உன் வாயால போனது, உன் வாயாலதான் வரணும்."

பிள்ளை என்னைப் பார்த்தது. அழக்கூட இல்லை. பாவம் என்று தோன்றிவிட்டால் நம் இனத்தார் உடனே காகிதம் தேடுவோம்.

"அக்கா, கவலைப்படாதீக. கலெக்டர் துரைக்கு ஒரு மனு எழுதுறேன். பதினாலு காரணம் காட்டி..."

"அத வாசிக்கிறதுக்குள்ள இவனுக்கு மீசை முளைச்சிரும்," என்றாள் மொக்கம்மாள். "ஒண்ணும் எழுத வேணாம். ஐயாகிட்டப் போயி, நான் சொன்னது தப்பு, எனக்குக் கீரையப் பத்தி ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லு. அது போதும்."

வாசகரே, அவள் என் கையை வெட்டித் தரச் சொல்லியிருந்தால் இதைவிட எளிதாக இருந்திருக்கும். கடிதமும் போகும், பெயரும் போகும்.

"ஏலே," என்றாள் உள்ளேயிருந்து என் தாய். "தாது வருசத்துப் பஞ்சத்துல நீ கைப்பிள்ள. பால் வத்திப்போச்சு. வேலியில உள்ளதப் பிடுங்கி நான் தின்னுதான் உனக்குப் பால் ஊறுச்சு. அன்னைக்கு அந்தத் தழை மாட்டுக்குன்னு யாராச்சும் சொல்லியிருந்தா, இன்னைக்கு இங்கன நின்னு நீ புத்தகம் வாசிப்பியா?"

போனேன். தனியாகப் போகவில்லை, நான் வழியில் ஏதாவது வேலியருகே நின்றுவிடுவேன் என்று மொக்கம்மாளும் கூடவே வந்தாள்.

அமிர்தராஜ் ஐயா கடிதத்தை எழுதி முடித்து மையை உலர்த்திக்கொண்டிருந்தார். என் பெயரை அழகாக எழுதியிருந்தார். நான் வாசலிலிருந்தே வாசித்துவிட்டேன்.

"ஐயா, அன்றைக்கு நான் சொன்னது தப்பு. புத்தகத்தில் சொன்னது வேறு கீரையாக இருக்கும். எனக்கு ஒரு கீரைக்கும் இன்னொரு கீரைக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனாலும் பண்ணைக்கீரை மட்டும்..."

பின்னாலிருந்து மொக்கம்மாள் பலமாக இருமினாள்.

"...அதுவும் தெரியாது, ஐயா."

உள்ளுக்குள் நான் எதை எதிர்பார்த்தேன் என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர் நம்ப மறுப்பார், 'சே, சே, நீ படித்த பிள்ளை, உனக்கா தெரியாது' என்பார், நான் இரண்டு மூன்று தடவை வற்புறுத்த வேண்டியிருக்கும் என்று எதிர்பார்த்தேன். வற்புறுத்துவதற்கு வாக்கியங்கள்கூட வைத்திருந்தேன்.

"அதான பாத்தேன்!" என்றார் அவர் தொடையில் தட்டி. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "உன் மூஞ்சியப் பாத்தப்பவே நினைச்சேன்." தொழுவில் நின்ற வேலையாளைக் கூப்பிட்டு, "ஏலே ஒச்சாண்டி, அந்தக் கூடையத் தூக்கி உள்ள போடு! நல்லவேளை, மாட்டுக்கு ஒண்ணும் ஆகல."

பிறகு கடிதத்தை எடுத்து, நாலாக மடித்து, பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். "கீரைக்கும் கீரைக்கும் வித்தியாசம் தெரியாதவன அங்கன அனுப்புனா, சுண்ணாம்பு எது, செங்கப்பொடி எதுன்னு மாத்தி எழுதி அணையவே சாய்ச்சுருவியேப்பா."

அன்று சாயங்காலம் மடிகள் நிறைந்து வீடு திரும்பின. மொக்கம்மாளின் கடைசிப் பிள்ளை இரண்டு கிண்ணம் குடித்ததாக என் தாய் சொன்னாள். என் தட்டிலும் கீரை விழுந்தது. ஒரு வாய் எடுத்ததும் எனக்கு ஏதோ சொல்லத் தோன்றியது.

"வாயத் திறக்கிறதுன்னா திங்கிறதுக்கு மட்டும் திற," என்றாள் அவள்.

ரைட்டர் வேலைக்குப் பழனிசெட்டிபட்டியிலிருந்து ஒருவன் போய்விட்டான். என் பெயர் ஊரில் நன்றாக நிலைத்துவிட்டது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்று நான் சொன்னால்கூட, எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாளியை இறக்குகிறார்கள்.

இனி உங்கள் முறை, வாசகரே. இதைப் படித்துக்கொண்டு வரும்போது, பிரண்டையைக் கீரை என்று எவன் சொன்னான் என்று உங்கள் உதடு அசைந்ததா? சாரணைக்கீரை வயிற்றைக் கலக்குமே, இந்தப் பையனுக்கு அதுகூடத் தெரியவில்லையே என்று சிரித்தீர்களா? கேப்பைக்களிக்குக் குமட்டிக்கீரைதான் பொருத்தம் என்று பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டே சொல்லிவிட்டீர்களா? அப்படியானால் வாருங்கள், வந்து என் பக்கத்தில் வரப்பில் நில்லுங்கள். இடம் நிறைய இருக்கிறது. கால் வைக்கும் இடத்தை மட்டும் பார்த்து வையுங்கள்.

நம் நோய் தீராது. தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க நம்மால் ஆகாது. அதனால் ஓர் உபகாரம் கேட்கிறேன். அடுத்த முறை நாக்கு துறுதுறுக்கும்போது, கீரையை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்லுங்கள். சந்தையில் சொல்லுங்கள், கோயில் வாசலில் சொல்லுங்கள், கேட்டவர்களையும் நாலு பேருக்குச் சொல்லச் சொல்லுங்கள். என் பெயரைச் சொல்லித் தாராளமாகச் சிரிக்கலாம். நிலத்துக்காரர் யாராவது குடையோடு அந்தப் பக்கம் வந்தால் மட்டும், அவர் தாண்டிப் போகிறவரைக்கும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருங்கள்.