வடக்குத் தெருவில் மகிழுந்து

இந்த நிகழ்ச்சிக்கு முன்பு எங்கள் ஊரில் என்னைப் பார்த்துச் சிரித்தவர் எவரும் இலர். இதை முதலிலேயே பதிவு செய்துவிடுவது நல்லது. எங்கள் தெருவில் பி.ஏ. படித்த முதல் ஆள் நான். அதன்மேல் பி.டி.யும் முடித்து உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். கஞ்சி போட்ட முழுக்கைச் சட்டை, மடக்கிய குடை, நிதானமான நடை. என்னைப் பெயர் சொல்லி அழைக்க என் தாயாரே தயங்கினார் என்றால் மிகையாகாது. (மிகைதான். ஆனால் பெரிய மிகையன்று.) கூலி உயர்வு கேட்டுப் போராடிய விவசாயத் தொழிலாளர் சங்கத்தார் என்னிடம் மனு எழுதி வாங்கிப் போனார்கள், அவர்களுக்கு எதிராக மனுக் கொடுக்க விரும்பிய மிராசுதார்களும் வேறு வழியின்றி என்னிடமே வந்தார்கள். இரண்டு மனுக்களிலும் ஒற்றுப்பிழை இராது.

அப்படிப்பட்ட நான் ஒரு கார் வாங்கினேன்.

கார்களில் நெடுங்காலம் உழைப்பவை உண்டு. தாத்தா வாங்கியதைப் பேரன் விற்கும்போதும் இருவர் போட்டிக்கு நிற்பார்கள். நான் வாங்கிய மாடல் அவ்வினத்தைச் சேர்ந்ததன்று. அண்ணன் வாங்கினால் தம்பியின் கைக்கு வருவதற்குள் காயலான் கடைக்குப் போய்விடும் மாடல் அது. அதன் பெயரை நான் எழுதப்போவதில்லை. தயாரித்தவர்களே அந்தப் பெயரை நெடுநாள் உச்சரிக்கவில்லை. வந்த சுருக்கில் நிறுத்திவிட்டார்கள். அதற்கு உதிரிபாகம் கேட்டுத் தஞ்சாவூர்க் கடைக்குப் போனால், கடைக்காரர் துக்கம் விசாரிப்பவர்போல் எழுந்து நின்று, "எப்ப ஆச்சு?" என்று கேட்பார்.

அதை எனக்கு விற்றவர் எங்கள் ஊர்ப் பெரியபண்ணை. (அவருக்குப் பெயர் உண்டு. யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை.) நில உச்சவரம்புச் சட்டம் இறுகிக்கொண்டிருந்த காலம் அது. பெரியபண்ணை தம் நிலங்களைச் சமையற்காரர் பெயரிலும், மாடு மேய்ப்பவர் பெயரிலும், காசிக்குப் போய்த் திரும்பிவராத சித்தப்பா பெயரிலும் எழுதிவைத்துக்கொண்டிருந்தார். எழுதினாரே தவிர, ஒரு குழி நிலத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் உண்மையாகவே இன்னொருவர் பெயருக்கு மாற்றிக்கொடுத்த ஒரே சொத்து அந்தக் கார்தான். படித்தவனாகிய நான் இதைச் சற்று யோசித்திருக்கலாம். 'சட்டத்துக்குப் பயந்து விற்கிறார், பாவம்' என்று முடிவு கட்டிவிட்டேன்.

வாங்கியபோது அந்தக் காருக்கு மூன்று வயதுகூட நிறையவில்லை. அதற்குள் பண்ணையில் அதன் பின்பக்கத்தில் யூரியா மூட்டைகளை ஏற்றி இறக்கியிருந்தார்கள். யூரியா பயிரை வளர்க்கும்; தகரத்தை வளர்ப்பதில்லை. பின் இருக்கையின் காலடித் தகரம் சுட்ட அப்பளமாகியிருந்தது. நான் அதன்மேல் ஒரு மாம்பலகையைப் போட்டு, பலகையின்மேல் புதிய ஜமக்காளம் ஒன்றை விரித்தேன். பிறகு பார்க்கப் பிரமாதமாக இருந்தது.

அதிராம்பட்டினத்திலிருந்து பழைய இரும்பு எடுக்க வரும் காதர் பாய் மட்டும் அந்த ஜமக்காளத்தில் மயங்கவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் வரும்போதெல்லாம் என் வாசலில் சைக்கிளை நிறுத்துவார்.

"நல்லாருக்கீங்களா சார்? வண்டி எப்படி இருக்கு?"

"வண்டிக்கு என்ன? நன்றாக இருக்கிறது."

"அவசரமே இல்ல சார். இந்த மாடல்ல எந்த வண்டியும் இதுவரைக்கும் என்னைய ஏமாத்துனதில்ல."

இனி, நான் கார் வாங்கிய காரணத்தைச் சொல்லவேண்டும். என் தந்தையார் மாரிமுத்து, பெரியபண்ணையில் வேலை செய்து, பிறகு சங்கத்தில் முன்னின்றவர். அவருடைய இளமையில் எங்கள் தெருக்காரர்கள் பெரியபண்ணை குடியிருந்த வடக்குத் தெருவில் சைக்கிளில் ஏறிப் போகக் கூடாது. இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். அந்த வழக்கம் போராட்டத்தால் ஒழிந்துவிட்டது. ஆனாலும் எங்கள் கல்யாண ஊர்வலங்கள் மட்டும் ஆற்றங்கரை வழியாகச் சுற்றிக்கொண்டே வந்தன. கேட்டால், கரையில் காற்று நன்றாக வரும் என்பார்கள். என் தங்கை செல்வியின் மாப்பிள்ளை வடக்குத் தெரு வழியாகத்தான் வரவேண்டும், காரில் வரவேண்டும், தெரு முடியும்வரை இறங்காமல் வரவேண்டும் என்று நான் தீர்மானித்தேன். அழைப்பிதழில் 'மணமகன் மகிழுந்தில் அழைத்து வரப்படுவார்' என்று தனி வரியாக அச்சிட்டும்விட்டேன்.

தந்தையார் அழைப்பிதழைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "கரை வழியாவே வந்துருவோம்ப்பா. அந்த வண்டி தெருவத் தாங்காது" என்றார்.

"தெருதான் வண்டியைத் தாங்கவேண்டும்" என்று நான் திருத்தினேன்.

மாப்பிள்ளை கலியபெருமாள் கீழ்வேளூர்க்காரர். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். சாதுவான மனிதர். ஆனால் ஆள் வாட்டசாட்டம். (இது பின்னால் முக்கியமாகும்.) கல்யாணத்தன்று காலை, சாலையோரப் பிள்ளையார் கோயிலில் அவருக்கு மாலை போட்டுத் தலைப்பாகை வைத்துப் பின் இருக்கையில் அமர்த்தினோம். பலகை ஒருமுறை முனகியது. நான் ஓட்டினேன். முன்னால் பேண்டு செட்டு. பக்கத்தில் தந்தையாரும் உறவினரும் நடை. (தந்தையாரைக் காரில் ஏறச் சொன்னேன். "நீ ஓட்டு, நான் பாத்துக்கிட்டே வர்றேன்" என்றுவிட்டார்.) தூரத்தில் பந்தலிலிருந்து ஒலிபெருக்கி வயல்வெளி முழுவதற்கும் அறிவித்துக்கொண்டிருந்தது: "மணமகன் அவர்கள் மகிழுந்தில் வந்துகொண்டிருக்கிறார்கள்! மகிழுந்தில் வந்துகொண்டிருக்கிறார்கள்!"

காதர் பாயும் கல்யாணத்துக்கு அழைக்கப்பட்டிருந்தார். அவர் சைக்கிளில் காருக்குப் பின்னால் வந்தார். தெருமுனை திரும்புவதற்குள் ஒரு சக்கர மூடி கழன்று உருண்டது. பாய் இறங்கி எடுத்துத் துடைத்து, சைக்கிள் பெட்டியில் வைத்துக்கொண்டார். "ஒங்க சாமான் பத்திரமா இருக்கு சார்" என்று குரல் கொடுத்தார். அடுத்து நம்பர் பலகை. அதுவும் பத்திரமாக இருந்தது.

இருப்பினும் வடக்குத் தெருவில் கார் நன்றாகவே நுழைந்தது. பெரியபண்ணை வீட்டுக்கு நேரே வரும்போது ஒருமுறை ஹாரன் அடிப்பதென்று நான் முன்னரே திட்டமிட்டிருந்தேன். ஒரே ஒருமுறை. மரியாதையாக, ஆனால் உள்ளே கேட்கும்படி. அடித்தேன்.

ஹாரன் நிற்கவில்லை. எஞ்சின் நின்றுவிட்டது.

என்னிடம் வந்த நாள்முதல் அடக்கமாகவே ஒலித்த ஹாரன், எஞ்சியிருந்த உயிர் முழுவதையும் அன்றே ஊதித் தீர்த்துவிடுவதென்று கிளம்பிவிட்டது. நான் அதைக் குத்தினேன், இழுத்தேன், தடவிக்கொடுத்தேன். பண்ணை வீட்டு மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. பேண்டு செட்டார், போட்டி என்று எண்ணி, இன்னும் உரக்க வாசித்தார்கள்.

அது அறுவடைக் கூலிப் பேச்சு முறிந்து கிடந்த வாரம். கலத்துக்கு அரைப்படி நெல் கூட்டித் தரவேண்டும் என்று சங்கம் கேட்டிருந்தது, பெரியபண்ணை மறுத்திருந்தார். என்றைக்காவது ஒருநாள் வீட்டை முற்றுகையிடுவார்கள் என்று அவர் எதிர்பார்த்துக்கொண்டேயிருந்தார் போலும். முகத்தில் ஒரு பக்கம் மட்டும் சவரம் செய்து, மறு பக்கம் சோப்பு நுரையுடன் மாடியில் தோன்றினார். கீழே கூட்டம், மேளம், ஊளை. நடுவில் என் தந்தையார்.

"யோவ் மாரிமுத்து! பேசிக்கலாம்னுதானேய்யா சொன்னேன்! அதுக்குள்ள வீட்டச் சுத்திக்கிட்டு என்னய்யா இது? அரைப்படிதானே? தர்றேன்யா, தர்றேன்! மொதல்ல அந்தச் சத்தத்த நிறுத்துங்க!"

மேளம் நின்றது. ஹாரன் நிற்கவில்லை. தந்தையார் நிதானமாகக் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?"

"கேட்டாச்சு! கேட்டாச்சு!" என்றது கூட்டம். வெளியூரிலிருந்து வந்த பேண்டு செட்டாரும் கேட்டாச்சு என்றார்கள்.

அப்போதுதான் பெரியபண்ணை காரைப் பார்த்தார். முகம் மாறியது. பழைய நோய் திரும்பி வந்ததைக் கண்டவரைப்போல், "அடப்பாவி, இந்தச் சனியனா?" என்றபடி இறங்கி வந்தார். வந்தவர் நேரே என்னிடம், "வாத்தியாரே, முன்னாடி எடது லைட்டுக்குக் கீழ ஒரு ஒதை விடுங்க" என்றார்.

நான் எதையும் உதைத்துப் பழகியவனல்லன். தயங்கினேன். அவரே உதைத்தார். ஹாரன் நின்றது. லைட் விழுந்தது. காதர் பாய் எடுத்துக்கொண்டார்.

"இனிமே இது தள்ளுனாத்தான் போகும். ஸ்டியரிங்க எங்கிட்ட குடுங்க. நேராப் போகணும்னா எடது பக்கமா ஒடிக்கணும், ஒங்களுக்குப் புடிபடாது. என் வாசல விட்டு நகந்தாப் போதும்" என்று, பாதிச் சவரத்துடனேயே ஓட்டுநர் இடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

பின்னாலிருந்து மாப்பிள்ளையின் தலை நீண்டது. "மச்சான், நானும் எறங்கி ஒரு கை குடுக்குறேனே."

"கூடாது மாப்பிள்ளை. இந்தத் தெருவில் நீங்கள் இறங்கவே கூடாது."

"ஏன் மச்சான்?"

"பிறகு விளக்குகிறேன்."

குடையைத் தந்தையாரிடம் கொடுத்துவிட்டு, முழுக்கைச் சட்டையின் கையை வாழ்நாளில் முதன்முறையாக மடித்துவிட்டு, நான் தள்ளினேன். உறவினர் நால்வர் கூடத் தள்ளினார்கள். கார் அசைந்தது. மேளம் மீண்டும் முழங்கியது. பத்தடி போயிருப்போம், உள்ளே 'மடக்' என்று ஓர் ஓசை.

"மச்சான்!"

"இறங்காதீர்கள் மாப்பிள்ளை!"

"நான் எறங்கல மச்சான், பலகைதான் எறங்கிருச்சு!"

குனிந்து பார்த்தேன். மாம்பலகையும் ஜமக்காளமும் சாலையில் கிடந்தன. காருக்கு அடியில், இரண்டு சக்கரங்களுக்கு இடையே, புதுச் செருப்புப் போட்ட இரண்டு கால்கள் நடந்துகொண்டிருந்தன. சன்னலில் பார்த்தாலோ மாலையும் தலைப்பாகையுமாக மணமகன் கம்பீரமாக வீற்றிருந்தார். இருக்கையின் நுனியில் உட்கார்ந்து, முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே நடந்துவந்தார். வாசல்களில் நின்ற பெண்கள் முதலில் மேலே பார்த்தார்கள். பிறகு கீழே பார்த்தார்கள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். காதர் பாய் ஜமக்காளத்தை உதறி, நான்காக மடித்து, "இது மட்டும் புதுசு சார், வீட்டுக்கு வச்சுக்குங்க" என்றார்.

வடக்குத் தெரு வாய்க்கால் பாலத்தோடு முடிகிறது. பாலம் இறங்கினால் எங்கள் தெரு. இறக்கம் என்பதை நான் மறந்துவிட்டேன். கார் எங்கள் கைகளை விட்டுப் போயிற்று. அந்தக் காரின் பிரேக் எப்படிப்பட்டது என்பது உள்ளே இருந்த இருவரில் பெரியபண்ணைக்கு மட்டுமே தெரியும்.

"ஓடுங்க மாப்ள, ஓடுங்க!" என்று அவர் கத்துவது கேட்டது. கால்கள் ஓடின. ஒலிபெருக்கிக்காரர் தம் கடமையில் வழுவாதவர். "இதோ மணமகன் மகிழுந்தில் வந்துகொண்டிருக்கிறார்... ஓடி வந்துகொண்டிருக்கிறார்..." என்று அறிவித்துவிட்டு, மேற்கொண்டு சொல் அகப்படாமல் பாட்டைப் போட்டுவிட்டார்.

"ஊனுங்க மாப்ள! குதிகால நல்லா ஊனுங்க!"

கீழ்வேளூர் மாப்பிள்ளை ஊன்றினார். பந்தல் காலுக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது. கதவைத் திறக்க ஒருவர் பிடித்து இழுத்தார். கதவு அவர் கையோடு வந்துவிட்டது. மணமகன் எங்கள் தெருவில் இறங்கினார். செருப்பில் மேல் வார் மட்டுமே மீந்திருந்தது.

மறுபக்கத்தில் பெரியபண்ணை இறங்கினார். எங்கள் தெருவில் அவர் கால் வைத்தது அதுவே முதல்முறை. ஓடி வந்து சேர்ந்த என் தந்தையார் மூச்சு வாங்க, "வாங்க, ஒக்காருங்க" என்று நாற்காலி போட்டார். அவரும் உட்கார்ந்தார். காப்பி வேண்டாம் என்று, மூடி உடைக்காத சோடாவாகப் பார்த்துக் கேட்டு வாங்கிக் குடித்தார். (அந்தக் காலத்து நாகரிகம் அவ்வளவு தூரம்தான் வந்திருந்தது.) குடித்துவிட்டு, "மாரிமுத்து, அந்த அரைப்படி விஷயம்..." என்று தொடங்கினார்.

"அதெல்லாம் எல்லாரும் கேட்டுக்கிட்டாங்க" என்றார் தந்தையார்.

அப்போதுதான் நான் வந்து சேர்ந்தேன். சட்டை முழுதும் கரி; கையில் ஜமக்காளம். தந்தையார் என்னை மேலும் கீழும் பார்த்துக் குடையை நீட்டினார். பிறகு பந்தலில் இருந்தவர்களிடம், "நான் சைக்கிளத் தள்ளிக்கிட்டுப் போன தெருவுல, எம்மவன் காரத் தள்ளிக்கிட்டு வந்திருக்கான். முன்னேற்றம்தான்யா!" என்றார்.

முதலில் சிரித்தவர் என் தாயார். பிறகு மணப்பெண். பிறகு ஊர்.

கார் மறுநாளே காதர் பாயோடு போயிற்று. பாதி முன்னரே அவர் பெட்டியில் இருந்ததால் சிரமம் அதிகம் இல்லை. அந்த அறுவடையில் கூடுதலாக அளந்த அரைப்படியை எங்கள் பக்கத்தில் 'ஹாரன் நெல்' என்றே சொன்னார்கள். களத்தில் அளக்கும்போது யாராவது வாயாலேயே ஹாரன் அடிப்பார்கள். பெரியபண்ணையும் முறைத்துக்கொண்டே அளக்கச் சொல்லுவார். எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் யார் புதுக் கார் வாங்கினாலும், கலியபெருமாள் பின்கதவைத் திறந்து, மிதியடியைத் தூக்கிப் பார்த்து, காலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் ஏறுகிறார். அவர் தட்டும்வரை மற்றவர்கள் ஏறாமல் காத்திருந்து என்னைப் பார்க்கிறார்கள்.

அண்மையில் ஒரு நிச்சயதார்த்தத்தில் இக்கதை மீண்டும் தவறாகச் சொல்லப்பட்டது. நான் காரைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டதாகச் சொல்கிறார்கள். தவறு. காதர் பாய் ஒரு பெட்டி பேரீச்சம்பழம் கொண்டுவந்தது உண்மை. அது மணமக்களுக்கு அவர் தந்த பரிசு. கார் தனி வியாபாரம். மாப்பிள்ளை வடக்குத் தெருவை நடந்தே கடந்தார் என்றும் சொல்கிறார்கள். அதுவும் தவறு. அவர் உட்கார்ந்திருந்தார். தெரு முடியும்வரை காரை விட்டு இறங்கவில்லை.