ஜெர்மனியில் அம்மன் கொடுத்த உத்தரவு

எனக்கு விழித்துக்கொண்டே தூங்கும் வியாதி உண்டு. கண் திறந்திருக்கும், கை வேலை செய்துகொண்டிருக்கும், ஆள் மட்டும் இருக்கமாட்டாள். இப்படிப்பட்டவளை நம்பி ஒரு அரசாங்கம் கார் ஓட்ட அனுமதித்ததே தப்பு. அந்தத் தப்பைச் செய்தது ஜெர்மனி.

மூன்று மாதப் பயிற்சிக்கு அலுவலகம் என்னை அங்கே அனுப்பியபோது, செஞ்சியில் ஒரு விவகாரத்தைப் பாதியில் விட்டுவிட்டுத்தான் விமானம் ஏறினேன். கூட வேலை பார்க்கும் முரளியைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக நைனாவிடம் சொல்லியிருந்தேன். என் அப்பாவான நைனா முப்பது வருஷம் செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். குலம் கோத்திரம் விசாரிப்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி வேறு.

"இன்னா வண்டி ஓட்டுவான்?"

"ஓட்டத் தெரியாது நைனா."

"பைக்கு?"

"அதுவும்..."

"வண்டியே ஓட்டத் தெரியாதவன் குடும்பத்த எப்டி ஓட்டுவான்?" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

நான் ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்த பிறகு (பஸ் ஸ்டாண்டு போண்டாவைச் சாப்பாட்டில் சேர்க்கக் கூடாது) கொஞ்சம் இறங்கிவந்தார். "எங்கிட்ட கேக்காத. கமலக்கண்ணி உத்தரவு குடுத்தா பாக்கலாம்."

கமலக்கண்ணியம்மன் ராஜகிரிக் கோட்டை மலைமேல் இருக்கிறாள். மலை கண்ணில் பட்டால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கை தானாகக் கன்னத்துக்குப் போகும். நைனாவும் பஸ் ஓட்டும்போது கன்னத்தில் போட்டுக்கொள்வார். ஆனால் ஒரு கையால் மட்டும்.

முரளியும் அதே பயிற்சிக்கு ஜெர்மனி வந்திருந்தான். இதை நான் வீட்டில் சொல்லவில்லை. (எல்லாவற்றையும் சொன்னால் பெற்றவர்கள் தாங்குவார்களா?)

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாடகைக் கார் எடுத்து ஆற்றோரச் சாலையில் போனோம். நான் ஓட்ட, அவன் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னான். மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஆற்றிலிருந்து எழுந்த பனி திராட்சைத் தோட்டங்களின் மேல் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. ஈரச் சாலையில் வானம் கிடந்தது. கார் ஓடுகிறதா மிதக்கிறதா என்றே தெரியவில்லை. நான் வழக்கம்போல் காரை விட்டு இறங்கி எங்கேயோ போய்விட்டிருந்தேன்.

ஒரு சின்ன ஊருக்குள் நுழைந்து திரும்பியதும் எதிரே ஒரு மலை. உச்சியில் மதிலும் இடிந்த கோபுரமும். அடிவாரத்தைப் பனி மூடியிருந்ததால் கோட்டை மட்டும் தனியாக மேகத்தில் உட்கார்ந்திருந்தது. மார்கழிக் காலையில் ராஜகிரி இப்படித்தான் இருக்கும். எந்த நாட்டில் இருக்கிறேன் என்பதே மறந்துபோயிற்று.

"தாயே, உத்தரவு குடு" என்று இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன். எடுத்தது ஸ்டியரிங்கிலிருந்து.

குங்குமச் சிவப்பில் பளீரென்று ஒரு வெளிச்சம்!

"முரளி, அம்மன் உத்தரவு குடுத்துட்டா!" என்று கத்தினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். உத்தரவு என்ற சொல்லைக் கேட்டதும் மூடிக்கொண்டான். (அது என்ன வெளிச்சம் என்று அவனுக்குத் தெரியும். கல்யாணம் ஆகவேண்டியவன் எப்படிச் சொல்வான்?)

அன்றைக்கே வீட்டுக்குப் போன் போட்டேன். மலையைச் சொன்னேன், சிவப்பு வெளிச்சத்தைச் சொன்னேன். நைனா விசாரணையில் இறங்கினார்.

"தனியாவா போன?"

"தனியாதான் நைனா."

"செவப்பாவா வந்துச்சு?"

"குங்குமம் மாதிரி."

"அப்ப சரி. அவ சொன்னப்புறம் நான் யாரு?" என்றார். மறுவாரமே மூட்டுவலியோடு ராஜகிரிப் படியேறி அம்மனுக்குப் புடவை சாத்திவிட்டு வந்தார். நிச்சயதார்த்தத்துக்கு நாளும் குறித்தாயிற்று.

நான் ஊர் திரும்பி, நிச்சயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஜெர்மனியிலிருந்து ஒரு கவர் வந்தது. கார் கொடுத்தவர்கள் என் செஞ்சி விலாசத்தைத் தந்திருக்கிறார்கள். தபால்காரரிடம் வாங்கியவர் நைனா, பிரித்தவரும் அவரே. உள்ளே கறுப்பு வெள்ளையில் ஒரு போட்டோ. செல்போனை மேலே காட்டினால் எழுத்தெல்லாம் தமிழில் மாறியது. ஐம்பதில் போகவேண்டிய ஊருக்குள் எழுபத்தொன்றில் போயிருக்கிறேன். அபராதம். காரை ஓட்டியவர் நீங்கள்தானா என்று ஒரு கேள்வி.

"ஊருக்குள்ள எழுவத்தொண்ணா? முப்பது வருஷத்துல எம்மேல ஒரு கேசு உண்டா?" என்று குதித்தவர் சட்டென்று நின்றார். "இந்தப் போட்டோவ யாரு எடுத்தது?"

"ரோட்டுக் கேமரா, நைனா."

"அந்தச் செவப்பு வெளிச்சம்?"

"அதான் இது."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். புடவை சாத்திய மனுஷர்! எனக்கு அழுகை முட்டியது. இனி முரளி இல்லை என்றே நினைத்துக்கொண்டேன். சமையலறை வாசலில் நின்ற அம்மா, "பத்திரிகை அடிச்சாச்சேய்யா" என்றாள் மெதுவாக.

நைனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போட்டோவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பக்கத்து சீட்டில் இருப்பவர் முகத்தை அந்த ஊரில் கறுப்புக் கட்டம் போட்டு மறைத்துவிடுகிறார்கள். அந்த நாகரிகத்துக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன்.

"நீ ரெண்டு கையாலயும் கும்புடுற."

"ஆமா நைனா."

"அப்ப ஸ்டியரிங்குல இருக்குற கை யாருது?"

எட்டிப் பார்த்தேன். கறுப்புக் கட்டத்துக்குக் கீழேயிருந்து ஒரு கை நீண்டு ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தது. அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள்.

"முரளி" என்றேன்.

தனியாகப் போனதாகச் சொன்ன பொய்க்கு இப்போது அடி விழும் என்று காத்திருந்தேன். நைனாவோ டிரைவிங் டெஸ்ட் எடுக்கிறவர் மாதிரி போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதறி ஒடிக்கல. நேரா புடிச்சிருக்கான்" என்றார் கடைசியில். "நீ போற போக்குக்கு ஓட்டுறவன் வேணாம். நீ கைய விடும்போது புடிக்கிறவன்தான் வேணும். நிச்சயம் நடக்கட்டும்."

அபராதத்தைக் கட்டினேன். ஓட்டியது நான்தான் என்றும் எழுதி அனுப்பினேன். பாதிதான் உண்மை என்று நைனா இன்றைக்கும் சொல்கிறார்.

கல்யாண ஆல்பம் பீரோவில் கிடக்கிறது. கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது அந்த அபராதப் போட்டோவை. வீட்டுக்கு வருகிறவர்கள் யாரானாலும் நைனா விடுவதில்லை; நிறுத்தி வைத்து விரலால் தொட்டுக் காட்டுவார்.

"இது எம்பொண்ணு. இது எம்மாப்ளயோட கை."