கறுப்பு வாத்தில் ஏழு ரவுண்டு

மாமனார் மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் இன்னும் மாமனார் ஆகவில்லை. ஆவாரா மாட்டாரா என்பதுதான் அன்றைய கேள்வி. ஷோஹெய் இருபது நிமிடம் முன்னதாகவே வந்து கவுன்டர்மேல் குனிந்து ரகசியம் பேசிக்கொண்டிருந்தான்.

“அக்கா, எனக்கு பீர் ஒத்துக்காது. ஒரு வாய் உள்ள போனாலே காது வரைக்கும் செவந்துடும். என் கிளாஸ்ல மட்டும் பார்லி டீ ஊத்திடுங்க. அவர் கிளாஸ்ல அசல் பீர்.”

கவுன்டருக்குப் பின்னால் நின்ற மாகிதான் அந்தக் கடையின் சொந்தக்காரி. கண்ணாடிக் கோப்பையைத் துடைப்பதை அவள் நிறுத்தவில்லை. நிறம் ஒன்றுதான், மேலே நுரை அடித்துக் கொடுத்தால் யாருக்கும் தெரியாது என்றாள். என்னவோ தினமும் இப்படி நாலு பேர் வந்து கேட்பதுபோல அவள் அலட்டிக்கொள்ளாதது ஷோஹெய்க்கு ஆறுதலாக இருந்தது.

கான்டா ரயில் நிலையத்துக்குப் பின்புறம், ஒரு தையல் கடைக்குக் கீழே நிலவறையில் இருந்தது ‘கறுப்பு வாத்து’ என்ற அந்த இங்கிலாந்து பாணி பீர்க்கடை. மாமனார் தொகாஷி சனிக்கிழமை தவறாமல் வரும் இடம். வங்கி வேலையாக மூன்று வருடம் லண்டனில் இருந்துவிட்டு அவர் தோக்கியோ திரும்பி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. ஆனால் மனிதர் முழுதாகத் திரும்பவில்லை. ஜூன் மாதப் புழுக்கத்திலும் கம்பளிக் கோட்டுதான்.

அவருடைய மகள் நத்சுகோ நேற்றே ஷோஹெய்யை எச்சரித்திருந்தாள். குடிக்காத ஆள் எதையோ மறைக்கிற ஆள் என்பது அப்பாவின் கொள்கையாம். அதனால் வாயை மூடிக்கொண்டு குடித்துவிடு, மூன்றாவது கோப்பையில் கல்யாணப் பேச்சை எடு, அதற்கு முன்னால் எடுக்காதே என்றாள்.

சரியாக மூன்று மணிக்குத் தொகாஷி குடையோடு இறங்கி வந்தார். முதல் ரவுண்டை ஷோஹெய் வாங்கி வந்தான். வலது கையில் அவருடையது, இடது கையில் தன்னுடையது. தொகாஷி கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் பாதியை விழுங்கினார். அனுபவசாலி இப்படித்தான் குடிப்பார் போலும் என்று ஷோஹெய் நினைத்துக்கொண்டான்.

“அடுத்தது என் ரவுண்டு” என்றார் தொகாஷி, உதட்டைத் துடைத்துக்கொண்டே.

ஷோஹெய் இதை எதிர்பார்க்கவில்லை. மற்றக் கடைகளில் பணிப்பெண் கொண்டுவந்து வைப்பாள். இங்கே அப்படியில்லை. ஒருவர் எழுந்து போய் இருவருக்கும் வாங்கி வர வேண்டும், அடுத்த தடவை மற்றவர் போக வேண்டும். மாமனார் போய் வாங்கினால் இரண்டும் அசல் பீராக அல்லவா வரும்?

தன் கோப்பையை மடக்கென்று காலி செய்துவிட்டு எழுந்தான். சின்னவன் நான் இருக்கும்போது நீங்கள் நடப்பதா என்றான். தொகாஷியும் பாதி எழுந்துவிட்டார்.

“இங்கிலாந்துல பெரியவன் சின்னவன் கிடையாது தம்பி. முறைன்னா முறைதான்.”

ஆனால் ஷோஹெய்க்கு இருபத்தொன்பது வயதுக் கால்கள். அவர் மேசையைச் சுற்றி வருவதற்குள் அவன் கவுன்டரில் இருந்தான். திரும்பிப் பார்த்தபோது அவர் முகம் ஒரு மாதிரி வாடியிருந்தது. மரியாதை காட்டப்போய் மனசைப் புண்படுத்திவிட்டோமோ என்று தோன்றியது.

அதன்பிறகு அது குடியாக இல்லை, ஓட்டப் பந்தயமாக ஆகிவிட்டது. முறையைப் பிடிக்க அவர் வேகமாகக் குடித்தார். பிடிக்கவிடாமல் இருக்க இவன் அதைவிட வேகமாகக் குடித்தான். வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் தொடுவாரில்லாமல் ஆறிப்போயின. மூன்றாவது கோப்பை வந்தது, போனது. ஷோஹெய் “சார், நத்சுகோ விஷயமா...” என்று தொடங்கிய நேரம் பார்த்து அவர் எழுந்துவிட்டார், இவன் ஓட வேண்டியதாயிற்று. கவுன்டருக்குப் பின்னால் மாகி பெரிய கெட்டிலில் மறுபடி டீ கொதிக்க வைத்து ஐஸ் வாளியில் ஆறவிட்டாள்.

ஐந்தாவது ரவுண்டில் இயற்கை குறுக்கே வந்தது.

கழிவறைக்குப் போனால் அந்த இடைவெளியில் அவர் கவுன்டருக்குப் போய்விடுவார். ஷோஹெய் காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்தான். எதிரே தொகாஷியின் முழங்காலும் மேசை அதிர ஆடிக்கொண்டிருந்தது. மனிதருக்குக் கோபம் ஏறிக்கொண்டிருக்கிறது, கல்யாணம் கைநழுவிக்கொண்டிருக்கிறது என்று பயந்தான். ஆறாவது ரவுண்டையும் வாங்கி வந்து குடித்தான். அதற்குமேல் முடியவில்லை.

ஓடிப்போய்த் திரும்பி வந்தால், மேசைமேல் இரண்டு நிறைந்த கோப்பைகள். தொகாஷி வெற்றிக் களையோடு உட்கார்ந்திருந்தார்.

“இது என் ரவுண்டு. குடிச்சு முடி, வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு அவரும் கழிவறைப் பக்கம் பாய்ந்தார்.

ஷோஹெய் சுற்றுமுற்றும் பார்த்தான். மூலையில் ஒரு செடி இருந்தது. பிளாஸ்டிக் செடி, தொட்டியில் மண்கூட இல்லை. பக்கத்து மேசையில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்த இருவரும் சரியாக அப்போதுதான் இவன் பக்கம் திரும்பினார்கள். நத்சுகோவை நினைத்துக்கொண்டு மூச்சை அடக்கி, கடைசிச் சொட்டுவரை ஊற்றிக்கொண்டான். தொண்டையில் லேசான கசப்பு.

காது சுட்டது. சுவரில் இருந்த குதிரைப் படம் நகர்ந்தது. தொகாஷி வந்து தன் கோப்பையையும் காலி செய்து வைத்தபோது, ஷோஹெய்யின் நாக்கு தானாகவே அவிழ்ந்தது.

“சார், நான் பெரிய ஆள் இல்ல. ஆபீஸ்ல கை தூக்கிப் பேசினதே இல்ல. ஆனா நத்சுகோ பக்கத்துல இருந்தா நான் பயப்படாம இருக்கேன். அவளும் பயப்படாம இருக்கற மாதிரி பார்த்துக்குவேன். அவளை எனக்குக் கட்டிக் குடுங்க.”

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. தொகாஷிக்கும் கண் கலங்கியிருந்தது. கம்பளிக் கோட்டின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“அவ அம்மா போனதுலேர்ந்து வீட்ல நாங்க ரெண்டே பேர்தான் தம்பி. அவளும் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்னுதான் இத்தனை நாள் இழுத்தடிச்சேன். அது தப்பு. கூட்டிட்டுப் போ. ஞாயித்துக்கிழமை மட்டும் ரெண்டு பேரும் சாப்பிட வந்துடுங்க.”

பிறகு அவர் மேசையைத் தட்டினார். குடித்தவன் வாயில் பொய் வராது, அதற்காகத்தான் உன்னை இங்கே வரச் சொன்னேன் என்றார். இருவரும் தோளோடு தோள் பிடித்துக்கொண்டு, ஒரு படிக்கு இரண்டு தடவை தடுமாறி, வெயிலுக்கு ஏறி வந்தார்கள். ஷோஹெய் அவரை டாக்சியில் ஏற்றி, வண்டி மறையும்வரை குனிந்து வணங்கினான்.

நிமிர்ந்ததும் பகீரென்றது. வெள்ளிக்கிழமை குடியில் சொன்னதைத் திங்கட்கிழமை யாரும் கேட்கக்கூடாது என்பது ஆபீஸ் மரபு. அவனுடைய மேலாளர் குடித்துவிட்டு மூன்று தடவை பதவி உயர்வு கொடுத்திருக்கிறார். மறுநாள் ஒரு தடவைகூட நினைவில்லை. மாமனாரும் நாளைக் காலையில், போதையில் ஏதோ உளறினேன், விட்டுவிடு என்று சொல்லிவிட்டால்?

படியில் சறுக்கிக்கொண்டே கீழே ஓடினான்.

“அக்கா, சார் அவ்வளவு குடிச்சிருக்கார். சொன்னது நாளைக்கு நிக்குமா?”

மாகி காலிக் கெட்டிலைக் கழுவிக் கவிழ்த்தாள்.

“நல்லா நிக்கும் தம்பி. நேத்தே அவர் போன் பண்ணி, ‘என் கிளாஸ்ல மட்டும் வழக்கம்போல பார்லி டீ, வர்ற பையனுக்கு அசல் பீர்’னு சொன்னார், நீங்களும் வந்து அதையே மாத்திச் சொன்னீங்க, எதுக்கு வம்புன்னு ஏழு ரவுண்டும் ரெண்டு பேருக்கும் டீயே ஊத்திட்டேன்.”