பின்சக்கரத்துக்குப் பாரம்

சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் அந்த மஞ்சள் காரை எங்கள் தெருவிலிருந்து கிளப்பிவிடுவது என்று வியாழக்கிழமை காலையில் சபதம் எடுத்தேன். பல் விளக்கிக்கொண்டே எடுத்த சபதம். வாயில் நுரை இருந்ததால் சத்தமாகச் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தாலும் என் வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்ளப் போவதில்லை.

காரணத்தை மறைப்பானேன்? எனக்குப் பொறாமை. சந்தேகம் என்று யாரும் பெரிய வார்த்தை போட வேண்டாம். என் மனைவி மேல் எனக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது. பொறாமை மட்டும்தான். அது மூட்டை மூட்டையாக இருக்கிறது.

என் பெயர் தெய்வசிகாமணி. கோட்டைக்குப்பத்தில் ஒரு ஃபைபர் படகு, நாலு வலை, ஒரு மனைவி. மனைவிக்கு அம்மன் பெயர் வைக்கிறோம் என்று திரௌபதி என்று வைத்துவிட்டார்கள். பக்தியான குடும்பம். ஆனால் கட்டினவனுக்கு அந்தப் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒரு எண்ணிக்கை மனசுக்குள் ஓடும். பதினேழு வருஷமாக நான் அதை ஒன்றிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இரண்டாவதாக வந்து நிற்கப் பார்க்கிறவன் தமிழ்வேந்தன். அவளுடைய தாய்மாமன் மகன். முறைப்பையன். அந்தக் காலத்தில் அவளை அவனுக்குத்தான் கொடுப்பதாக இருந்தது. மோட்டார் படிப்பை முடித்துவிட்டுத்தான் கல்யாணம் என்று சொல்லிவிட்டான். அவன் படிப்பை முடிப்பதற்குள் நான் கல்யாணத்தை முடித்துவிட்டேன். அவன் இன்றுவரை தனிக்கட்டை. 'அவனுக்கு வண்டிங்கதான் எல்லாம்' என்கிறாள் திரௌபதி. எனக்கு மட்டும்தான் வேறு மாதிரி படுகிறது.

செவ்வாய்க்கிழமை நல்ல மழை. மழை விட்டதும் வாசலில் ஒரு உறுமல் கேட்டது. எட்டிப் பார்த்தால் வேந்தன். சென்னையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். அங்கே அவனே உட்கார்ந்து செய்த ஸ்போர்ட்ஸ் காராம். இரண்டே சீட்டு. கூரை கிடையாது. உடம்பெல்லாம் ஃபைபர், என் படகு மாதிரியே. எஞ்சின் முன்னால் இருக்கிறது, ஓடுவது பின்சக்கரம். மொத்த எடை ஐந்நூற்றைம்பது கிலோ என்று பெருமையாகச் சொன்னான். என் படகும்தான் லேசு. நான் யாரிடமாவது பெருமையடித்தேனா?

தார் ரோட்டிலிருந்து எங்கள் வாசலுக்கு அறுபதடி மணல். மழையில் இறுகிக் கிடந்ததால் ஜம்மென்று உள்ளே வந்துவிட்டான். மறுநாள் வெயில் அடித்தது. மணல் காய்ந்து மாவாகிவிட்டது. காரைத் திருப்பி நிறுத்தும்போதே பின்சக்கரம் இரண்டும் பாதி புதைந்துபோயின.

அதோடு விட்டதா? தின்ன உட்கார்ந்தவன் தின்னும்போதே ஒரு குண்டைப் போட்டான்.

"திரௌபதி, ஞாயித்துக்கெழம அனுப்பம்பட்டு கல்யாணத்துக்கு இன்னாத்துக்கு பஸ்ல இடிபடற? நம்ம வண்டியில வா. ஷோக்கா போலாம்."

"மெய்யாவா வேந்தா? தலயெல்லாம் பறக்குமே!"

"முடிதான் பறக்கும். தல அங்கயேதான் இருக்கும்."

அவள் சிரித்தாள். புரையேறுகிற அளவுக்குச் சிரித்தாள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது? அதைவிட நல்ல ஜோக் இருநூறாவது நான் சொல்லியிருப்பேன். 'சோறு ஆறுது, துன்னு' என்பதுதான் எனக்குக் கிடைத்த பதில். அதைவிட அந்த 'நம்ம வண்டி' இருக்கிறதே, அதுதான் தொண்டையில் முள்ளாகக் குத்தியது.

நானும் கூடப் போய்விடலாம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை என் பாடு. கடலை ஒட்டின எங்கள் ஏரியில் இறால் ஓடுகிற நல்ல இடத்தில் வலை கட்ட எங்கள் ஊரில் முறை வைத்திருக்கிறோம்; அதற்குத்தான் பாடு என்று பெயர். முறை வந்தவன் காலை ஏழு மணிக்குள் நேரில் வந்து நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அடுத்தவனுக்குப் போய்விடும். மறுபடி நம் முறை வர இருபது நாளாகும். அதாவது நான் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும்போது, என் மனைவி முடி பறக்க முறைப்பையன் பக்கத்தில் உட்கார்ந்து போய், இரண்டு பக்கத்துச் சொந்தமும் பார்க்க மண்டப வாசலில் இறங்குவாள். நினைத்தாலே வயிறு எரிந்தது.

"தம்பி, எப்ப கெளம்பற?" என்று பாசமாகக் கேட்டேன்.

"வண்டி மணல்லேர்ந்து வெளிய வந்துட்டா கெளம்பிட வேண்டியதுதான் அண்ணே. ஒர்க்‌ஷாப்புல வேல குமிஞ்சி கெடக்குது."

அது போதும் எனக்கு. கார் வெளியே வந்தால் அவனும் வெளியே. மறுநாள் பல் விளக்கும்போது சபதம் போட்டதற்கு இதுதான் காரணம்.

நாலு ஆளைக் கூப்பிட்டால் தூக்கி ரோட்டில் வைத்துவிடுவார்கள். ஆனால் விருந்தாளியை அனுப்ப உனக்கு என்னய்யா இவ்வளவு அவசரம் என்று கேட்பார்கள். கேட்டுவிட்டு அவர்களே பதிலும் சொல்லிக்கொள்வார்கள். எனவே நானே தள்ளினேன். வேந்தன் எஞ்சினை முறுக்கினான். பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. கார் ஒரு அங்குலம் நகரவில்லை. மணல்தான் நகர்ந்து என் வாய்க்குள் வந்தது.

பக்கத்து வீட்டு சரோஜாக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாய்யா சிகாமணி, காலங்காத்தால மண்ணு துன்ற? வூட்டுல சோறு போடலியா?"

"சோறெல்லாம் விருந்தாளிக்கு பூட்சிக்கா."

"வயிறு எரியுதா?"

"மண்ணு துன்னா எரியாதா?"

வெள்ளிக்கிழமை மூளையைக் கசக்கினேன். சக்கரத்துக்குப் பிடிப்பு வேண்டும். பிடிப்புக்கு அடியில் ஏதாவது போட வேண்டும். எங்கள் ஊரில் எதற்கும் பழைய வலைதான். கோழிக்கு வேலி, சுரைக்காய்க்குப் பந்தல், குழந்தைக்கு ஊஞ்சல், எல்லாம் அதுதான். ஒரு பாரம் பழைய வலையை இழுத்துவந்து பின்சக்கரத்துக்கு அடியில் திணித்தேன்.

திரௌபதி வெளியே வந்தாள்.

"யோவ், வலைய போடாத. சுத்திக்கும். தென்ன மட்டய போடு."

"காரப் பத்தி உனக்கு இன்னாமே தெரியும்?"

"காரப் பத்தி தெரியாது. வலையப் பத்தி தெரியும்."

தென்னை மட்டை யோசனை அவளுடையதாக இருந்திருந்தால் கேட்டிருப்பேன். அவன் சொல்லிக் கொடுத்திருப்பான் என்று தோன்றிவிட்டது. தோன்றிய பிறகு மட்டை போடுவேனா? "முறுக்குடா தம்பி!" என்றேன்.

முறுக்கினான். நாலு சுற்றில் வலை சக்கரத்தில் ஏறியது. எட்டுச் சுற்றில் அச்சில் இறுகியது. எஞ்சின் விக்கி விக்கி நின்றது. கடலில் ப்ரொப்பெல்லரில் வலை சிக்கினால் கத்தியோடு குதித்து அறுப்போம். அதே மாதிரி காருக்கு அடியில் நுழைந்து மல்லாந்து படுத்தேன். நைலான் வலை. அறுக்க அறுக்கத் தீரவில்லை. மத்தியானம் ஆகிவிட்டது.

அங்கிருந்து பார்த்தால் உலகத்தில் வெறும் கால்கள்தான் தெரியும். கார் ஓரம் முக்காலியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவனின் பூட்ஸ் கால் இரண்டு. மெட்டி போட்ட கால் இரண்டு. நடுவில் ஒரு முழம் இடைவெளி. மெட்டிக் கால் ஒரு எட்டு முன்னால் வந்தது. இப்போது அரை முழம்.

"இன்னும் ரெண்டு எறா வச்சிக்கோ வேந்தா."

"போதும் திரௌபதி."

"எளச்சி பூட்டடா. ஒர்க்‌ஷாப்புல யாரு உனக்கு ஆக்கிப் போடறாங்க?"

நான் கத்தியை வேகமாகப் போட்டேன். வலை அறுந்ததோ இல்லையோ, விரல் அறுந்தது.

"எனக்கு எறா கீதா?" என்று கீழேயிருந்து குரல் கொடுத்தேன்.

"உனக்கு கவள வறுத்து வச்சிகீறேன் மாமா. உனக்குத்தான் கவளன்னா உசுராச்சே!"

கவளை மீன் எனக்கு உயிர் என்று நான் எப்போது சொன்னேன்? கல்யாணமான புதிதில், முதன்முதலாக வறுத்து வைத்தாளே, மனம் நோகக் கூடாதே என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். பதினேழு வருஷமாகக் கவளை தின்கிறேன். நேற்று வந்தவனுக்கு இறால். எனக்கு அந்த அச்சுக்கு அடியிலேயே அழுகை வந்தது. உண்மையாகச் சொல்கிறேன், வந்தது.

சனிக்கிழமை காலையில் மானத்தை விட்டு அவனிடமே கேட்டேன்.

"தம்பி, இது வெளிய வர இன்னாதான் பண்ணணும்?"

"சிம்பிள் அண்ணே. வண்டி லேசு. லேசா இருந்தாதான் பறக்கும். ஆனா பின்னாடி கனம் இல்லன்னா சக்கரம் மண்ணப் புடிக்காது, சும்மா சுத்தும். டயர்ல பாதி காத்த எறக்கணும். பின் அச்சு மேல ஒரு எழுவது கிலோ வைக்கணும். கம்முனு ஏறிடும்."

"இத வியாழக்கெழமயே சொல்றதுக்கு இன்னா?"

"நீங்க கேக்கலியே அண்ணே. 'அவரு பண்றத பண்ணட்டும், நடுவுல பேசாத, கோச்சிப்பாரு'ன்னு திரௌபதி சொல்லுச்சி."

காற்றை இறக்கினோம். சீட்டுக்குப் பின்னால், அச்சுக்கு நேர் மேலே, ஒரு ஆள் குந்துகிற மாதிரி ஒரு திட்டு இருந்தது. அதில் இரண்டு மணல் மூட்டையை ஏற்றினேன். வேந்தன் கிளப்பினான். கார் ஒரு குதி குதித்து நின்றது. மூட்டை இரண்டும் முன்னால் சரிந்து அவன் தோள் மேல் விழுந்தன. எனக்கு அந்த ஒரு நிமிஷம் மட்டும் சந்தோஷமாக இருந்தது.

"மூட்ட புடிச்சினு குந்துமா மாமா?" என்றாள் திரௌபதி. "மனுசன்னாதான் புடிச்சினு குந்துவான்."

சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். வேந்தனும் பார்த்தான். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சரோஜாக்காவும் பார்த்தாள். ஏறினேன்.

என்ன சொல்ல! சக்கரம் மணலைக் கவ்வியது. கார் அப்படியே ஊர்ந்து, வேகம் பிடித்து, அறுபதடியும் தாண்டித் தார் ரோட்டில் போய் நின்றது. அச்சுக்கு மேலே ராஜா மாதிரி நான். தெருவே கைதட்டியது. சைக்கிள் பம்பை எடுத்து நாலு டயருக்கும் நானே காற்றடித்தேன். மூச்சு வாங்கியது. ஆனால் மனசு லேசாக இருந்தது.

"அப்ப தம்பி, கெளம்பு. நைனாவ கேட்டதா சொல்லு."

"கெளம்பறேன் அண்ணே. காலையில."

"காலையிலயா?"

"திரௌபதிய கல்யாணத்துல எறக்கி வுட்டுட்டு அப்படியே போயிடுவேன். மொதல்லயே பேசினதுதானே."

நான் பம்பைப் பிடித்தபடி திரும்பினேன். திரௌபதி பட்டுப்புடவையை உதறி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி எங்க வெளிய வரப்போவுது, பஸ்லதான் போவணும்னு நெனச்சினு இருந்தேன் மாமா. நீ சும்மா வுட்டிருந்தா அது மணல்லயே கெடந்திருக்கும். மூணு நாளு ஒழச்சி எடுத்துக் குட்த்த பாரு, நீ மனுசன்!"

உட்கார்ந்துவிட்டேன். அவளுக்குப் போக வண்டி வேண்டும். வண்டியை எடுக்க ஒரு மடையன் வேண்டும். மடையனுக்கு வேகம் வர இறால் வேண்டும். எல்லாம் அவள் வீட்டிலேயே இருந்தது.

ஆனாலும் நான் சளைத்தவன் இல்லை. வானத்தைப் பார்த்தேன். கருத்திருந்தது. சட்டென்று ஒரு யோசனை மின்னியது.

"தம்பி, காலையில மழ வரும். ரோட்டுல ஈரம். காத்துல அடிச்ச மணலும் கெடக்கும். லேசு வண்டி. பின்சக்கரம் வழுக்காது?"

அவன் தலையைச் சொறிந்தான். "வழுக்கும்தான் அண்ணே. பின்னாடி கனம் இருந்தா நல்லதுதான்."

"அதான் சொல்றேன். கனம் இல்லாம என் பொண்டாட்டிய அனுப்ப மாட்டேன். நானே பின்னாடி குந்தினு வரேன்."

திரௌபதி புடவையைக் கீழே வைத்தாள். "நாளைக்கி உன் பாடாச்சே மாமா?"

"போவட்டும்."

"இருவது நாளாவும் மறுபடி வர."

"ஆவட்டும். பாடு பெருசா, நீ பெருசா?"

தெருவே திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். திரௌபதி என்னை வெகுநேரம் பார்த்தாள். கண் கலங்கியது போல இருந்தது. பக்கத்தில் கருவாடு சுட்ட புகையாகவும் இருக்கலாம்.

"எனக்காக பாட்டையே வுடுவியா?" என்றாள் மெதுவாக. பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "வேந்தா, அவரு சொல்றது சரிதான். கனம் இல்லாம போவக்கூடாது."

ஜெயித்துவிட்டேன். பதினேழு வருஷத்தில் முதல் முறையாக அவள் வாயால் 'அவரு சொல்றது சரி' என்று கேட்டேன். இரண்டு பேர் தலைக்கும் நடுவில் என் தலை. அவன் ஜோக் சொன்னால் நான் முறைப்பேன். மண்டப வாசலில் முதலில் குதித்து இறங்குகிறவன் நான். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணி. தூறல். வெள்ளைச் சட்டை போட்டு, சென்ட் அடித்து, ரோட்டுக்கு வந்தேன். வேந்தன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். திரௌபதி பக்கத்தில். பின்னால், அச்சுக்கு நேர் மேலே, அரக்குப் பட்டும் கனகாம்பரமுமாக சரோஜாக்கா. இரண்டு கையாலும் இரண்டு சீட்டையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா இது?" என்றேன்.

"கனம் வேணும்னு கூப்ட்டாங்கய்யா. உன் பொண்டாட்டி என்ன ரேசன் கடை தராசுல நிக்க வச்சி பாத்துட்டா."

"திரௌபதி!"

"நீ சொன்னத அப்படியே கேட்டேன் மாமா. கனம் வேணும்ன. நீ எழுவத்திரண்டு கிலோ. சரோஜாக்கா தொண்ணூத்தாறு. தொணைக்கும் ஆளாச்சி, உனக்கு பாட்டயும் வுட வேணாம்." கைக்குட்டையால் முடியைக் கட்டிக்கொண்டாள். "வலைய படகுல ஏத்திட்டேன். தூக்குல சோறு கீது. ஜல்தி போ, ஏழு மணிக்கு நிக்கணும்."

வேந்தன் கிளப்பினான். வளைவு வரை பார்த்துக்கொண்டே நின்றேன். அத்தனை ஈரத்திலும் அந்தப் பின்சக்கரம் ஒரு இம்மிகூட வழுக்கவில்லை.